மெழுகக்காவின் நாலு நாள்

பரிசோதனைக் கூடத்தில் அவளை மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்க வருகிறவர் வரைக்கும் அந்தப் பெயர் பழகிவிட்டது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் அவளுடைய சொந்தப் பெயர் இருந்தது.

ஆபரேஷனில் எடுத்த சதைத் துண்டுகளை மருந்தில் ஊறவைத்து, ஈரம் போக வடித்து, உருக்கின மெழுகில் புதைத்து, சோப்புத் துண்டு அளவுக்குக் கட்டையாக்குவாள். அந்தக் கட்டையைக் கத்தி பொருத்திய இயந்திரத்தில் பூட்டிச் சக்கரத்தைச் சுற்றினால் நாடா போல இழை விழும். ஒரு இழையின் கனம் தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கமில்லாமல் கண்ணாடித் துண்டில் ஏந்த வேண்டும். பக்கத்தில் யாராவது தும்மினால் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பத்தொன்பது வருடமாக இதே நாற்காலி, இதே சக்கரம்.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அவள் புருஷன் சொல்வான்: "உன் கையில ஒரு வெங்காயத்தக் குடுத்தா போதும். ஊருக்கே நறுக்கிப் போட்டுட்டு மிச்சம் வெப்ப." வீட்டில் அவள் வெங்காயத்தைத் தடிதடியாகத்தான் நறுக்கினாள். கையும் கண்ணும் கூடத்திலேயே தீர்ந்துவிடும்.

அவளுக்குக் குழந்தை இல்லை. இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. இரண்டு தடவை வயிற்றில் தங்கியது. முதலாவது ஏழாம் மாதம், உள்ளேயே துடிப்பு நின்றுபோனது. இரண்டாவது ஆறு மாதம்கூட நிறையவில்லை. இரண்டு தடவையும் ரத்தக் கொதிப்பு ஏறி, முகம் வீங்கி, சிறுநீரில் புரதம் போய், கடைசியில் அவளைக் காப்பாற்றினால் போதும் என்று டாக்டர்கள் வயிற்றைக் கிழித்தார்கள். மூன்றாவது வேண்டாம் என்று புருஷன்தான் சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர்கள் எடுக்கவில்லை.

மாமியார் எடுத்தாள். நேராக அல்ல, பாத்திரம் கழுவிக்கொண்டே, சுவரைப் பார்த்து. "வேலை செய்யற இடத்துல என்னென்னத்த தொடறியோ. எந்தக் கை தொட்டதோ, அந்தக் கை சும்மா இருக்குமா." கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுகிறேன் என்றால் அது பதிலாகுமா.

மூன்று வருடத்துக்கு முன்னால் கூடத்துக்கு ஒரு ஆராய்ச்சி வந்தது. கர்ப்ப காலத்தில் ரத்தக் கொதிப்பு வந்த பெண்களின் நஞ்சுக்கொடியை எடுத்து, அதன் செல்களுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. அதை நடத்திய டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, வேகமாகப் பேசுவாள், அடிக்கடி கண்ணாடியைத் தலைமேல் வைத்துவிட்டு மேஜையெல்லாம் தேடுவாள். சீவுகிற வேலைக்கு யார் வருகிறீர்கள் என்று அவள் கேட்டபோது மெழுகக்கா கையைத் தூக்கினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கூடுதல் படி கிடைக்கும் என்று சொல்லியிருப்பாள்.

நஞ்சுக்கொடி என்ற பெயரே அவளுக்குப் பிடிக்காது. மாதக்கணக்காகப் பிள்ளைக்குச் சோறும் மூச்சும் கொடுத்ததை, வெளியே வந்ததும் நஞ்சு என்று வாளியில் போடுகிறார்கள். அவளுடையது இரண்டும் அப்படித்தான் போயிருக்கும்.

ஒருநாள் டாக்டரம்மா அவளுக்கு விளக்கினாள். "ஆரம்ப மாசத்துலயே அம்மாவோட கர்ப்பப்பை ரத்தக்குழாய் நல்லா அகலமாகணும்க்கா. சிலருக்கு ஆகறதில்ல. ஏன்னு முழுசா தெரியாது. குழாய் குறுகலாவே இருந்தா ரத்தம் சீரா வராது. ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. அந்த இழுபறியில நஞ்சுக்கொடி செல்லுக்குள்ள புரதம் ஒழுங்கா மடியாது."

"மடியறதுன்னா?"

"ஒவ்வொரு புரதமும் ஒரு வடிவத்துல மடிஞ்சாதான் வேலைக்கு ஆகும். மடியாதது உள்ளேயே குவியும். அப்ப செல் முதல்ல புதுசா செய்யறத நிறுத்துது. அப்புறம் மடிச்சுக் குடுக்கிற உதவிப் புரதத்த நிறைய உண்டாக்குது. நீங்க கண்ணாடியில பழுப்பா சாயம் ஏத்தறீங்களே, அது அந்த உதவிப் புரதம்தான். எவ்வளவு பழுப்போ அவ்வளவு திணறல். அதுக்கும் மேல போனா செல் தன்னத்தானே அழிச்சுக்கும். அந்தச் சிதறலும், வேற சில பொருளும் அம்மா ரத்தத்துல கலந்து, அவங்க ரத்தக்குழாயெல்லாம் கெட்டு, கொதிப்பு ஏறுது."

"அம்மா ஏதாவது செஞ்சதால இல்லையே?"

டாக்டரம்மா கண்ணாடியைத் தேடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "இல்லக்கா. அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அது மூணாம் மாசம், நாலாம் மாசம் நடக்கிற கதை."

அன்றைக்கு மெழுகக்கா கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து முப்பத்தெட்டாம் எண் கட்டையைச் சீவினாள்.

கொழுந்தனும் அவன் மனைவியும் அதே வீட்டின் மாடியில் இருந்தார்கள். ஓரகத்தியை வீட்டில் சின்னவள் என்பார்கள். கூரியர் ஆபீசில் கவுண்டர் வேலை. வாயாடி. பார்சலின் மேல் எழுதியிருக்கிற கையெழுத்தைப் பார்த்தே அனுப்புகிறவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்பாள். சொல்வது பாதி தப்பாகத்தான் இருக்கும், ஆனால் கேட்கச் சிரிப்பாக இருக்கும். அந்த வீட்டில் மெழுகக்கா வாய்விட்டுச் சிரித்தது அவளோடுதான். சின்னவள் உண்டானபோது மாமியார் முகம் பத்து வருடம் இளமையாகிவிட்டது. மெழுகக்காவுக்கும் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு முள் இருந்தது, அதை அவள் யாருக்கும் காட்டவில்லை.

ஏழாம் மாதத் தொடக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சின்னவள் படியிறங்கி வந்து ஹாலில் உட்கார்ந்தாள். செருப்பின் வாரை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தாள். அப்படியும் பாதத்தில் வார் பதிந்து கிடந்தது. கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. கர்ப்பத்தில் கால் வீங்குவது சகஜம். முகத்தில் இருந்தது மெழுகக்காவுக்குப் பழக்கமான வீக்கம்.

"தலை வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. தூக்கம் சரியில்ல, அவ்வளவுதான்."

"பிரஷர் பாத்தியா?"

"போன தடவை நல்லாதான் இருந்துச்சு. அடுத்த வாரம் போகணும்."

"அடுத்த வாரம் வரைக்கும் ஏன்? நாளைக்கே போய்ப் பாத்துடு."

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "நல்லா இருக்கிற பொண்ணப் புடிச்சு வெச்சு ஏன் பயமுறுத்தற? உன் கண்ணு படாம இருந்தாலே போதும்."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். கொழுந்தன் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பணிவாகவே சொன்னான்: "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்கணும்னு இல்ல."

அவன் கெட்டவன் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. மெழுகக்கா எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் வார்டில் தெரிந்த நர்ஸிடம் பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்றை இரவல் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை வீடு திரும்பி மாடிப்படியின் அடியில் நின்றாள். மேலே சின்னவள் போனில் யாரோடோ சிரித்துப் பேசுவது கேட்டது. சிரிக்கிறாளே என்று நினைத்து உள்ளே போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை நாலு படி ஏறிவிட்டாள். மேலே மாமியாரின் குரல் கேட்டதும் இறங்கிவிட்டாள். புதன்கிழமை மெஷினைப் பையிலிருந்து வெளியே எடுக்கவேயில்லை. புருஷனிடம் சொன்னாள். "நீ சொன்னத சொல்லிட்ட. அதுக்கு மேல நாம என்ன பண்றது? தம்பியும் சின்னப் பையன் இல்ல," என்றான் அவன். அந்தப் பதில் அவளுக்கு வசதியாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கூரியர் ஆபீஸ் கவுண்டரில், ஒரு பார்சலை எடை போட்டுக்கொண்டிருந்தபோது சின்னவளுக்கு வலிப்பு வந்தது. நாற்காலியோடு சாய்ந்தாள். கூட வேலை செய்கிறவர்கள் பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, மெழுகக்கா வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள்.

செய்தி வந்தபோது அவள் சீவிக்கொண்டிருந்தாள். சக்கரத்தைப் பூட்டி, கத்தியின் மேல் மூடியைப் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள். பிறகு பலநாள் அதை நினைத்துப் பார்த்தாள். அந்த நேரத்திலும் கத்தியை மூடினேனே, நான் என்ன மனுஷி என்று.

வலிப்பு அடங்க ஊசி போட்டு, கொதிப்பைக் கொஞ்சம் இறக்கி, மத்தியானம் ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. எண்ணூற்று எழுபது கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவில் கிடந்தது. கொழுந்தன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். மெழுகக்கா பக்கத்தில் போனபோது, "அண்ணி," என்று மட்டும் சொன்னான். பையில் மெஷின் இருந்தது.

கொதிப்புக்காக அவசர ஆபரேஷன் நடந்தால் நஞ்சுக்கொடியின் துண்டுகளை உடனே எடுத்து வைத்துவிடுவார்கள். தாமதித்தால் செல்லின் நிலைமை மாறிவிடும். தாய் தெளிந்த பிறகு ஆராய்ச்சிக்குத் தருகிறீர்களா என்று கேட்பார்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுவார்கள். அதுதான் ஒழுங்கு. மூன்றாம் நாள் ஆராய்ச்சி நர்ஸ் சின்னவளிடம் போய்க் கேட்டாள். திரும்பி வந்து மெழுகக்காவின் மேஜையருகே நின்று கையைப் பிசைந்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டாங்கக்கா. ஆனா ஒண்ணு சொன்னாங்க."

"என்ன?"

"எங்க அக்கா அங்கதான் வேலை செய்யறாங்க, அவங்க மட்டும் இத தொடக் கூடாது, பாக்கவும் கூடாதுன்னு."

மெழுகக்கா சரி என்றாள். டாக்டரம்மா சின்னவளுடைய துண்டை, அறுபத்தொன்றாம் எண்ணை, பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்தாள். அவர் சீவினார், சாயம் ஏற்றினார், கண்ணாடிகளை அட்டைப் பெட்டியில் அடுக்கினார். அலமாரியில் அறுபதாம் எண்ணை எடுக்கும்போதெல்லாம் அவள் விரல் பக்கத்துப் பெட்டியில் படாமல் எடுத்தது. அவளுக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆபத்து தெரிந்தும் நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவள் என்று சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. அப்படிப்பட்டவளின் கை ஏன் படவேண்டும்?

குழந்தை பதினொரு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் கொஞ்சம் தேறுவதுபோல இருந்தது. மாமியார் தினமும் கண்ணாடிக்கு வெளியே நின்று, "கண்ணு முழிச்சுப் பாத்தா, என்னைத்தான் பாத்தா," என்று வந்து சொன்னாள். ஒன்பதாம் நாள் குடலில் கிருமி பிடித்தது. பதினொன்றாம் நாள் காலையில், டாக்டர்கள் வந்து பேசி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்தது. கொழுந்தன் ஒரு கையிலேயே ஏந்திக்கொண்டு போகும் அளவுக்குத்தான் இருந்தது.

சின்னவள் வீட்டுக்கு வந்தாள், மாடி ஏறினாள், இறங்கவில்லை. மெழுகக்கா சாப்பாடு கொண்டுபோனால் வாங்கி வைத்துக்கொள்வாள், பேசமாட்டாள். மாமியார் சுவரைப் பார்த்துப் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் இருந்தது.

ஏழு வாரம் கழித்து ஒரு மத்தியானம், பரிசோதனைக் கூடத்தின் வாசலில் சின்னவள் நின்றாள். பிரஷர் காட்ட வந்திருந்தாளாம். இன்னும் முழுசாக இறங்கவில்லை, மாத்திரையைத் தொடரச் சொல்லியிருந்தார்கள். மெலிந்துபோயிருந்தாள். பழைய செருப்பு பாதத்தில் லொடலொடத்தது.

"அக்கா, அத பாத்தீங்களா?"

"இல்ல. பாக்கக் கூடாதுன்னு சொன்னியே."

"நிஜமா பாக்கலையா?"

"தொடக்கூட இல்ல."

சின்னவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இப்ப பாருங்க. பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க."

மெழுகக்கா டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டாள். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, அது அவங்களோடதுதானே, காட்டுங்க என்றாள். சாப்பாட்டு நேரம், கூடத்தில் வேறு யாருமில்லை. அவள் அறுபத்தொன்றாம் பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். குனிந்து பார்த்தாள்.

ஆயிரக்கணக்கில் பார்த்தவள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த, கொதிப்பில்லாத பெண்களுடையதில் பழுப்பு லேசாக, டீக்கறை காய்ந்த மாதிரி இருக்கும். இதில் விளிம்பு முழுக்க அடர்ந்து கிடந்தது. சில இடங்களில் செல்களே இல்லை, உதிர்ந்துபோயிருந்தன. குழந்தைக்குப் போகும் நுண்ணிய குழாய்கள் எண்ணிக்கையில் குறைவு. அவள் வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

"என்ன தெரியுதுக்கா?"

நகர்ந்து இடம் விட்டாள். சின்னவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மெழுகக்கா தனக்குச் சொல்லப்பட்டதைத் தனக்குத் தெரிந்த மாதிரி சொன்னாள். இந்தப் பழுப்பு திணறல். ரத்தம் சரியாக வராமல் மாதக்கணக்காக இது தவித்திருக்கிறது. வேலையைக் குறைத்துப் பார்த்திருக்கிறது. உள்ளே கெட்டுப்போனதைச் சரிபண்ண ஆனமட்டும் முயன்றிருக்கிறது. இந்த வெற்றிடத்தில் இருந்தவை முடியாமல் செத்தவை.

"எப்பலேர்ந்து?"

"தொடக்கம் மூணாவது நாலாவது மாசமாம். உனக்கு வயிறுகூட தெரிஞ்சிருக்காது."

சின்னவள் கண்ணை எடுக்காமலே கேட்டாள். "நான் தலைவலிய மறைச்சது இதுல தெரியுதா?"

மெழுகக்காவுக்கு முதலில் புரியவில்லை.

"பத்து நாளா வலிச்சுது. கண்ணுல பூச்சி பறந்துச்சு. கம்ப்யூட்டர்ல எழுத்து ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது. நீங்க கேட்டப்ப இல்லன்னு சொன்னேன்." குரல் தட்டையாக இருந்தது. மனப்பாடம் செய்ததைச் சொல்வது போல. "உங்கள மாதிரி ஆயிடுவேனோன்னு பயம். அத்தை உங்கள பேசற மாதிரி என்னையும் பேசுவாங்களோன்னு பயம். மறைச்சுட்டேன். இது உங்க கைக்கு வந்தா எல்லாம் தெரிஞ்சுடும்னு நினைச்சேன். அதான் பாக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

"இதுல அதெல்லாம் தெரியாதும்மா," என்றாள் மெழுகக்கா. "தலைவலி இதுல தெரியாது."

உட்காருவதற்கு நாற்காலியைத் தேடி இழுத்துக்கொண்டாள். தன்னைப்போல் ஆகிவிடக்கூடாது என்று ஒருத்தி பயந்தாள் என்பது அடி வாங்கினது போலத்தான் இருந்தது. அந்த வலி அடங்குவதற்குள் தன்னுடையதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நான் மெஷின் வாங்கி வெச்சிருந்தேன். திங்கக்கிழமையே. நாலு நாள் என் பையில இருந்துச்சு. படி வரைக்கும் வந்தேன். ஏறல. யார் கிட்டயும் பேச்சு வாங்க வேணாம்னு விட்டுட்டேன். நீ அதுக்காகத்தான் என்னைத் தொட வேணாம்னு சொன்னன்னு இவ்வளவு நாளும் நினைச்சுட்டிருந்தேன்."

சின்னவள் நிமிர்ந்தாள். கோபம் வரும் என்று மெழுகக்கா காத்திருந்தாள். வந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது.

"ஏறியிருந்தா நான் கையை நீட்டியிருப்பேனான்னு தெரியல," என்றாள் சின்னவள். "ஆனா ஏறியிருக்கலாம்க்கா."

"ஆமா."

"நாலு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா பொழைச்சிருக்குமா?"

மெழுகக்கா இதை டாக்டரம்மாவிடம் ஏற்கெனவே கேட்டிருந்தாள், வேறு யாருக்கோ என்பது போல. பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "வலிப்பு வராம இருந்திருக்கலாம். நுரையீரல் பலப்பட ஊசி போட நேரம் கெடைச்சிருக்கும். குழந்தை பொழைச்சிருக்குமான்னு டாக்டருக்கே சொல்லத் தெரியல. இருக்கலாம், இல்லாமலும் போகலாம்."

சின்னவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். பிறகு மெழுகக்கா கண்ணாடியை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். இறங்கும்போது சின்னவள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அந்த வாரமே ஒருநாள் மாமியார் சமையலறையில், இந்தத் தடவை சுவரைப் பார்க்காமல், அவளைப் பார்த்தே கேட்டாள். "ரெண்டு பேரும் அங்க என்னத்த பாத்தீங்க?"

மெழுகக்கா சொன்னாள். குழாய் அகலமாகாததை, செல் திணறியதை, யார் தின்றதாலும் தொட்டதாலும் யார் கண் பட்டதாலும் இல்லை என்பதை. மாமியார் அடுப்பைத் தணித்துவிட்டு முழுதும் கேட்டாள்.

"உனக்கும் அப்படித்தானா?"

"அப்படித்தான் இருந்திருக்கும், அத்தை. என்னோடத யாரும் எடுத்து வெச்சுப் பாக்கல."

பத்துப் பன்னிரண்டு வருடம் பேசினதைத் திருப்பி எடுக்க எந்தச் சொல் உதவும்? "சாப்பிட்டியா?" என்று கேட்டாள் மாமியார். மெழுகக்கா சாப்பிட்டாயிற்று என்றாள். சாப்பிட்டிருக்கவில்லை. அன்றைக்கு அந்த மன்னிப்பை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

அதன்பின் சின்னவள் உண்டாகவில்லை. இன்னொரு தடவை வேண்டுமா என்ற பேச்சில் அவளும் கொழுந்தனும் ஒத்துப்போகாமல் மாதக்கணக்காக இழுத்தார்கள். கடைசியில் அவனுடைய வேலைக்குப் பக்கமாக வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். மாத்திரையை அவள் இன்னும் விழுங்குகிறாள். சில சனிக்கிழமைகளில் போன் பண்ணுவாள். பார்சல் கையெழுத்துக் கதைகள் திரும்ப வரவில்லை, பிரஷர் எண் மட்டும் சொல்வாள். மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு. மெழுகக்கா அதைக் கேட்டுக்கொண்டு, சரி, மாத்திரையை விட்டுடாதே என்பாள்.

ஆராய்ச்சி நூற்றுப் பதினேழு பேரோடு முடிந்தது. திணறல் எப்படி நடக்கிறது என்பது இன்னும் கொஞ்சம் தெளிவாயிற்று, நிறுத்துகிற மருந்து எதுவும் கையில் வரவில்லை. டாக்டரம்மா வேறு ஊருக்குப் போனாள். மாடி காலியாகவே கிடக்கிறது, துணி உலர்த்த மட்டும் மாமியார் ஏறுவாள். மெழுகக்கா பழையபடி எல்லோருடைய சதையையும் சீவுகிறாள். குடல், தோல், கட்டி, எது வந்தாலும். காலையில் முதல் வேலையாக மெழுகை உருக வைத்துவிட்டு, அது இளகும் வரை ஜன்னலோரம் நின்றிருப்பாள்.